கோழித் தீவனமும் கல்ச்சர் ரிப்போர்ட்டும்

"நான் மாத்திரையே போடாத ஆளு. தலைவலின்னா சுக்கு அரைச்சுப் பத்துப் போடுவேன், அவ்வளவுதான். எனக்குப் போய் எப்படி மருந்து கேக்காமப் போகும்?"

பெங்களூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு பேக்கரி வாசலில், பை-டூ டீ வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்ட கேள்வி இது. சிறுநீர் போகும்போது எரிச்சல், கூடவே குளிர்காய்ச்சல் என்று டாக்டரிடம் போனவருக்குக் கல்ச்சர் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றின் எதிரே 'ஆர்' என்ற எழுத்து. அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று பொருள். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் நிதானமாகச் சொல்கிறேன். பதில் நீளமானது. ஆய்வகத்தில் தொடங்கி, கோழிப்பண்ணை, சாக்கடை, சீனத்துப் பன்றித் தொழுவம் என்று பல இடங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தத் தாள். அது அக்காவின் உடம்பைப் பற்றிய தாளே அல்ல. அவருடைய சிறுநீரில் இருந்த பாக்டீரியாவைப் பற்றியது. ஆய்வகத்தில் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, சத்துக்கூழ் ஊற்றி உறையவைத்த தட்டில் மெல்லப் பரப்பி, மேலே பொட்டு அளவுள்ள வட்டத் தாள்களை வைப்பார்கள். ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மருந்து ஊறியிருக்கும். ஓர் இரவு கழித்துப் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து வெண்மையாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் தாளைச் சுற்றி வெற்று வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, இவ்வளவுக்கு மேல் இருந்தால் 'எஸ்', இவ்வளவுக்குக் கீழே இருந்தால் 'ஆர்' என்று எழுதுகிறார்கள். தாளின் ஓரம்வரை கிருமி நெருங்கி வளர்ந்திருந்தால் அந்த மருந்தால் பயனில்லை.

"மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு" என்று நாம் சொல்வது வழக்கம். படித்தவர்களும் சொல்கிறார்கள். இந்த ஒரு நினைப்பு செய்யும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. உடம்புதான் பழகுகிறது என்றால், மாத்திரை அதிகம் போடாதவருக்குக் கவலையில்லை என்றாகிவிடும். அக்கா அப்படித்தான் நம்பியிருந்தார். பழகிக்கொள்வது கிருமி. எங்கோ, யார் குடலிலோ பழகிய கிருமி இன்னொருவர் உடம்புக்கு வந்து சேர முடியும். அந்த 'யார்' என்பது மனிதராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது வெளியே இருந்து பாய்ந்து வரும் பகையாளி அல்ல. நம் குடலிலேயே குடியிருப்பது. இடம் மாறிச் சிறுநீர்ப் பாதைக்குள் ஏறும்போதுதான் நோயாகிறது. அதே ஈ.கோலை மாட்டின் குடலிலும் கோழியின் குடலிலும் பன்றியின் குடலிலும் வாழ்கிறது. உணவோடும் தண்ணீரோடும் கையோடும் தினமும் புதிய ஈ.கோலைகள் நம் வயிற்றுக்குள் போகின்றன. சில அப்படியே கடந்து போய்விடும், சில தங்கிவிடும். எனவே அக்காவின் தொற்றுக்குக் காரணமான கிருமி அவருடைய குடலில் இருந்து வந்தது என்பது ஏறக்குறைய உறுதி. குடலுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

கிருமி எப்படிப் பழகுகிறது? நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கோடிக்கணக்கில் பெருகும்போது மரபணுவை நகலெடுப்பதில் அங்கங்கே பிழைகள் விழும். ஏதோ ஒரு பிழை தற்செயலாக மருந்தைத் தாங்கும் திறனைக் கொடுத்துவிட்டால், மருந்து மற்றவற்றைக் கொல்லும்போது அது மட்டும் நிற்கும். இடம் காலி, போட்டி இல்லை, அதன் வம்சம் நிறைந்துவிடும். இது ஒரு வழி, மெதுவான வழி.

இரண்டாவது வழி வேகமானது. 1950களில் ஜப்பானில் சீதபேதி பரவியபோது, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் என நான்கு மருந்துகளுக்கும் ஒரே நேரத்தில் மசியாத ஷிகெல்லா கிருமிகளை அங்குள்ள மருத்துவர்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பிழை விழுந்து இப்படி ஆகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நோயாளிகளின் குடலில் இருந்த சாதுவான ஈ.கோலையைச் சோதித்தபோது அதனிடமும் அதே நான்கு திறன்கள் இருந்தன. ஈ.கோலையும் ஷிகெல்லாவும் ஒன்றையொன்று தொட்டு, அந்தத் திறனுக்கான மரபணுக்களைக் கொடுத்து வாங்குகின்றன என்று 1959-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த மரபணுக்கள் உட்கார்ந்திருப்பது பிளாஸ்மிட் என்ற சிறிய டி.என்.ஏ வளையத்தில். ஒரு மாணவர் தன் குறிப்பேட்டை ஜெராக்ஸ் எடுத்து அடுத்த பெஞ்சுக்குக் கொடுப்பது போன்றது இது. கொடுத்தவரிடம் மூலப்பிரதி அப்படியே இருக்கும், வாங்கியவர் இன்னொருவருக்கு நகல் கொடுப்பார். வாங்குவது அதே இனக் கிருமியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே இருப்பதால், ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலே மற்றவற்றுக்கான எதிர்ப்பும் கூடவே பெருகும். மனிதருக்கு ஒரு மருந்து, மாட்டுக்கு வேறு மருந்து என்று பிரித்துக் கொடுத்தால் போதும் என்ற ஆறுதல் இங்கேதான் உடைந்துபோகிறது.

இனி கோழிக்கு வருவோம். 1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்கு ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது, குஞ்சுகள் வழக்கத்தைவிட வேகமாக எடை போட்டன. நோயே இல்லாத கோழிக்கும் கொஞ்சம் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீக்கிரம் கொழுக்கும் என்ற கண்டுபிடிப்பு உலகம் முழுக்கப் பரவியது. கிருமியைக் கொல்லப் போதாத அளவு மருந்தை, ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு, நாள்தோறும், வாரக்கணக்கில் கொடுப்பது. எதிர்ப்புள்ள கிருமியைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும் என்று யாராவது திட்டமிட்டிருந்தால்கூட இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

இதில் மனிதருக்கு என்ன ஆபத்து என்று தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லெவி 1976-ல் வெளியிட்டது. மாசசூசெட்ஸில் ஒரு பண்ணைக் குடும்பத்திடம் சில நூறு கோழிக்குஞ்சுகளைக் கொடுத்து, ஒரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம், மறு பகுதிக்குச் சாதாரணத் தீவனம் போடச் சொன்னார். ஒரே வாரத்தில், மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ முழுக்க எதிர்ப்புள்ளவையாக மாறிவிட்டன. போகப்போக, கொடுக்கவே கொடுக்காத வேறு மருந்துகளுக்கும் எதிர்ப்பு தென்பட்டது. ஐந்தாறு மாதங்களில் அந்தக் குடும்பத்தாரிடமும் மாற்றம் வந்தது. வாரந்தோறும் அவர்களிடம் எடுத்த மல மாதிரிகளில் 31.3 விழுக்காட்டில், உள்ளே இருந்த பாக்டீரியாக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் டெட்ராசைக்ளினுக்கு மசியாதவை. அக்கம்பக்கத்து வீடுகளில் அப்படிப்பட்ட மாதிரிகள் 6.8 விழுக்காடுதான். அந்த வீட்டில் யாரும் டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிடவில்லை. கோழியைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அக்காவின் கேள்விக்கான பதிலில் பாதி இந்தப் பண்ணையில் இருக்கிறது. மீதிப் பாதிக்கு, ஸ்வீடன் வழியாக, நம் நாட்டுக்கு வர வேண்டும்.

2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளி. இந்திய வம்சாவளியினர், புது தில்லியில் மருத்துவமனையில் சேர்ந்திருந்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கும் சிறுநீர்த் தொற்றுதான். அதில் இருந்த கிளெப்சியெல்லா என்ற கிருமி, ஆஸ்பத்திரிகளில் கடைசியாகக் கையில் எடுக்கும் கார்பாபெனெம் வகை மருந்துகளையே உடைத்துப்போடும் ஒரு நொதியை வைத்திருந்தது. அதற்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள். 'என்.டி' என்பது நியூ டெல்லி. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்த கட்டுரை, இந்த நொதியுள்ள கிருமிகள் சென்னை, ஹரியானா உட்படப் பல இடங்களில் இருப்பதை லான்செட் குழும இதழில் சொன்னபோது நாட்டில் பெரிய சர்ச்சை. தலைநகரின் பெயரை இப்படி ஒரு நொதிக்கு வைக்கலாமா என்ற கோபம் நியாயமானதுதான். அந்தக் கோபத்தில் செய்தி அமுங்கிப்போனதுதான் எனக்கு இன்றும் வருத்தம். அடுத்த ஆண்டே தில்லியில் தெருவோரம் தேங்கிய நீரில் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீரில் 50-க்கு 2-லும் அதே மரபணு கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சுவருக்குள் இருக்கும் பிரச்சினை இது என்று அதற்குப் பிறகும் சொல்ல வழியில்லை. 2012 ஆகஸ்டில் டாக்டர் அப்துல் கஃபூர் முன்முயற்சியில் மருத்துவர் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதும், 2014 மார்ச்சில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்து 24 ஆன்டிபயாடிக்குகளை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று ஆனதும் இதன் தொடர்ச்சிதான்.

கார்பாபெனெமும் கைவிட்ட பிறகு டாக்டர்களுக்கு மிச்சமிருந்தது கொலிஸ்டின். பழைய மருந்து, ஜப்பானில் 1949-ல் கிடைத்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஐ.சி.யூவில் மீண்டும் எடுத்தார்கள். ஆனால் மனிதருக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த இடைக்காலத்தில் கொலிஸ்டின் சும்மா இருக்கவில்லை. மலிவாகக் கிடைத்தது, வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் அதிகம் சேராமல் குடலிலேயே வேலை செய்தது. அதனால் பன்றிக்கும் கோழிக்கும் தீவன மருந்தாகப் பல நாடுகளில் டன் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. இந்தியப் பண்ணைகளிலும்தான். நாற்பது நாளில் இரண்டு கிலோ எட்ட வேண்டிய பிராய்லர் கோழிக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் எடை நின்றால்கூட விவசாயிக்கு நட்டம். அவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது சுலபம். அது நேர்மையில்லை. தீவனப் பையில் என்ன கலந்திருக்கிறது என்பதே அவருக்குப் பல நேரம் தெரியாது.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது. கொலிஸ்டினுக்கு எதிர்ப்பு அதுவரை மரபணுப் பிழையால் மட்டும் வருவதாக நினைத்திருந்தார்கள். தாவிச் செல்லும் பிளாஸ்மிட்டில் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவாக அது உட்கார்ந்திருப்பதைப் பன்றிகளின் ஈ.கோலையில் கண்டுபிடித்தார்கள். கொலிஸ்டின் நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எதிர்மின்னூட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் அதைக் கிழிக்கும். எம்.சி.ஆர்-1 அந்தச் சவ்வின் மேல் ஒரு சிறு மூலக்கூறை ஒட்டவைத்து மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்துக்குப் பிடிமானம் இல்லை. ஐ.சி.யூவின் கடைசி மருந்தைத் தோற்கடிக்கும் திறன் பன்றித் தொழுவத்தில் நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இந்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலை 19 அன்று அறிவிக்கை வெளியிட்டு, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எதிலும் கொலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று தடை செய்தது. இதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன். தடை போட்டால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சீனா பதில் வைத்திருக்கிறது. அங்கே 2017-ல் தீவனத்திலிருந்து கொலிஸ்டினை விலக்கினார்கள். பன்றிகளின் ஈ.கோலையில் கொலிஸ்டின் எதிர்ப்பு 2015-16-ல் 34 விழுக்காடாக இருந்தது 2017-18-ல் 5.1 விழுக்காடானது. எம்.சி.ஆர்-1 மரபணுவைக் குடலில் சுமந்த மனிதர்களின் பங்கும் 2016-க்கும் 2019-க்கும் இடையே 14.3-லிருந்து 6.3 விழுக்காடாகக் குறைந்தது. கோழிக்கும் பன்றிக்கும் மருந்தை நிறுத்தியதும் மனிதர் குடல் மாறியிருக்கிறது. பூஜ்யமாகவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருமுறை பரவிய மரபணு முழுசாகப் போவதில்லை.

பெங்களூரில் இந்தக் கதையை ஆராயும் இடங்கள் ஊரின் வடக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. பெல்லாரி ரோட்டில் ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி. கொஞ்சம் வடக்கே போனால் ஜி.கே.வி.கே வளாகத்தில் சி-கேம்ப் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனம். யெலஹங்காவில், கால்நடை நோய்ப் பரவலை ஆராயும் தேசிய நிறுவனமான நிவேதி. நாடு முழுவதும் மீன்களிலும் கால்நடைகளிலும் இருந்து கிருமிகளைச் சேகரித்து எந்த மருந்துக்கு மசிகின்றன என்று பார்க்கும் இன்ஃபார் என்ற வலையமைப்பு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது; மனிதர் பக்கத்தில் அதே வேலையை ஐ.சி.எம்.ஆர் வலையமைப்பு 2013 முதல் செய்கிறது. இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்காத வரை அக்காவின் கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊரின் கழிவுநீரும் இதில் சேர்த்தி. வீடு, ஆஸ்பத்திரி, இறைச்சிக் கடை எல்லாவற்றின் கழிவும் ஒன்றாகக் கலக்கும் இடம் சாக்கடை. கிருமிகள் ஒன்றையொன்று தொட்டு மரபணு பரிமாறிக்கொள்ள அதைவிட நெரிசலான இடம் கிடையாது. 2018 முதல் கே.சி. வேலி திட்டத்தில் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போகிறது. வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின. அங்குள்ள விவசாயிக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு எதிர்ப்பு மரபணுக்களை நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது அல்ல. அந்த ஏரிகளைச் சுற்றி மாடு மேய்கிறது, காய்கறி விளைகிறது. திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இன்னும் ஒரு படி சுத்திகரித்து அனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன்.

"புது மருந்து கண்டுபிடிச்சுட்டாப் போச்சு" என்றார் அக்கா. முயற்சி நடக்கிறது. அஸ்ட்ராஜெனெகா தன் பெங்களூரு ஆராய்ச்சி மையத்தை 2014-ல் மூடியபோது, அங்கே வேலை பார்த்த அனுபவமிக்க விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்து அதே ஆண்டு பக்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாக்டீரியா தன் டி.என்.ஏவைப் பிரித்து நகலெடுக்கத் தேவையான இரண்டு நொதிகளையும் ஒரே நேரத்தில் தடுக்கும் மருந்து அவர்களுடையது. ஒன்றில் பிழை விழுந்து கிருமி தப்பித்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. மனிதரிடம் முதற்கட்டச் சோதனைவரை போயிருக்கிறது. சென்னையின் ஆர்க்கிட் பார்மாவில் உருவான என்மெட்டாசோபாக்டம், செஃபிபைம் என்ற மருந்தோடு சேர்ந்து 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் ஆன்டிபயாடிக் தயாரிப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. சர்க்கரை மாத்திரை வாழ்நாள் முழுக்க விற்கும். இது ஒரு வாரம்தான் விற்கும், அதிலும் நல்ல மருந்தாக இருந்தால் டாக்டர் அதை எடுக்காமல் பத்திரமாக வைத்திருப்பார். பெரிய நிறுவனங்கள் இந்தத் துறையை விட்டு விலகியதற்குக் காரணம் அதுதான்.

மருந்தே வேண்டியிராத நிலையை உண்டாக்குவது இன்னொரு வழி. நார்வேயில் 1987-ல் வளர்ப்பு சால்மன் மீன்களுக்கு ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் போனது. தடுப்பூசி வந்தபின் அந்த அளவு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கியது; மீன் உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. நம் கோழிக்கும் மாட்டுக்கும் தடுப்பூசி, நெரிசல் இல்லாத கொட்டகை, சுத்தமான தண்ணீர் என்று அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஐ.சி.யூவில் ஓர் உயிருக்கான செலவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2019-ல் மட்டும், மருந்துக்கு மசியாத கிருமிகளே நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அக்காவுக்கு அந்தத் தாளில் 'எஸ்' போட்டிருந்த மருந்து ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள், மிச்சம் எடுத்து வைக்காதீர்கள், அடுத்தமுறை காய்ச்சல் வந்தால் இந்தச் சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்காதீர்கள் என்றேன். ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி அடுத்த டாக்டரிடமும் காட்டச் சொன்னேன். எந்தக் கிருமி உங்கள் குடலில் குடியிருக்கக்கூடும் என்று அவருக்கு அது சொல்லும். வீட்டில் கறவை மாடு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மடிநோய்க்கு ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே போட்டிருக்கும். அத்தனை நாளும் அந்தப் பாலைக் கன்றுக்கும் கொடுக்காதீர்கள், கன்றின் குடலும் குடல்தான்.

"அப்போ கோழி சாப்பிடலாமா, வேண்டாமா?" டீ டம்ளரை வைத்துவிட்டு அவர் கடைசியாகக் கேட்டது இதைத்தான். சாப்பிடலாம். நம் குழம்பு கொதிக்கும் சூட்டில் எதிர்ப்புள்ள கிருமியும் இல்லாத கிருமியும் ஒன்றுபோலவே சாகும். ஆபத்து குழம்பில் இல்லை, பச்சைக் கறியைக் கையாளும் இடத்தில் இருக்கிறது. குழாயடியில் வேகமாகத் தண்ணீர் திறந்துவிட்டு அலசினால் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் தட்டு எல்லாவற்றிலும் தெறிக்கும். ஒரு பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாக அலசி, அந்த நீரைக் கொட்டிய தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். கோழி வெட்டிய கத்தியாலும் பலகையாலும் அப்படியே வெங்காயப் பச்சடிக்கு நறுக்காதீர்கள். கறியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு அப்புறம் உப்பு ஜாடியைத் திறங்கள்.